பயிற்சிக் கணக்கில் தண்டலைச் சேர்க்கலாமா? பொருளாதாரமும் நிதியும் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விவாதம்

வியாசர்பாடி மாலைவகுப்பு:
எங்கள் பகுதியில் பிளஸ் ஒன் வணிகவியல் பிள்ளைகளுக்கும், சி.ஏ. படிப்பின் முதல்நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதப்போகிறவர்களுக்கும் மாலையில் பாடம் எடுக்கிறேன். வட்டி என்றதும் எல்லாரும் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள். போன வாரம் புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கைக் கொடுத்தேன். தண்டல், அதாவது தினமும் வந்து தவணை வசூலிக்கும் தெருக் கடன் பற்றியது.

"தண்டல்காரர் 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டி எத்தனை சதவீதம்?"

பாதிப் பேர் 10 சதவீதம் என்றார்கள். கொஞ்சம் யோசித்தவர்கள் 1,000-ஐ 9,000-ஆல் வகுத்து, 365 நாளுக்கு மாற்றி 40.6 என்றார்கள். முழு 9,000 ரூபாயும் 100 நாளும் கையில் இருந்திருந்தால்தான் அந்த விடை சரி. இங்கே மறுநாளே அசல் திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறது. ஏறத்தாழ பாதிப் பணம்தான் சராசரியாகக் கையில் இருந்திருக்கிறது. அப்படியானால் வட்டி அதைப் போல இரண்டு மடங்கு, சுமார் 80 சதவீதம். இந்த ஒரு வரி யோசனை வராத பிள்ளைக்குத் தவணைச் சூத்திரத்தைக் கொடுத்து என்ன பயன்? முதல் மாதம் முழுக்கச் சூத்திரமே இல்லாமல், தெருவில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை வைத்தே கணக்குப் போட வைக்க வேண்டும் என்கிறேன்.

மாம்பலம் கணக்கர்:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை சார். ஃபவுண்டேஷன் மூன்றாம் தாள் 100 மதிப்பெண், 2 மணி நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு 72 விநாடிதான். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அங்கே உட்கார்ந்து தண்டல்காரரை நினைக்க நேரம் ஏது?

முதலில் கை பழக வேண்டும். 12 சதவீத வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டி என்றால் சாதாரண கால்குலேட்டரில் 1.01 அடித்து, பெருக்கல் குறி தட்டி, சமக்குறியை 11 முறை தட்டினால் 1.1268 வந்துவிடும். ஆண்டுக்கு உண்மையில் 12.68 சதவீதம். இதை 50 தடவை போட்ட பையனுக்குக் கூட்டுவட்டி என்ன செய்யும் என்பது விரல் நுனியில் இருக்கும். போடப் போடத்தான் புரியும், புரிந்த பிறகுதான் போடுவேன் என்றால் நடக்காது.

இன்னொன்று. உங்கள் தண்டல் கணக்குக்கு நேரடியான விடையே கிடையாது. ஒரு வட்டி விகிதத்தை வைத்துப் பார்த்து, மாற்றி, மறுபடியும் வைத்துப் பார்த்துத்தான் நெருங்க முடியும். முதல் மாதத்திலேயே அதைக் கொடுத்தால் பயந்துபோய் வகுப்பை விட்டே ஓடிவிடுவார்கள்.

பி.காம் முதலாண்டு:
அப்போ சரியான விடை என்ன சார்? நான் கணினி விரிதாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 0.2125 சதவீதம் வந்தது. 365-ஆல் பெருக்கினால் 77.6. ஆனால் கூட்டுவட்டியாக ஏற்றினால் 117 வருகிறது. எதை எழுதுவது?

ஓய்வுபெற்ற காசாளர்:
தம்பி, இரண்டும் சரிதான். கேள்வியில் எது கேட்டிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நாள் வட்டியை வெறுமனே 365-ஆல் பெருக்கினால் கிடைப்பது பெயரளவு விகிதம். வட்டிக்கு வட்டி ஏறுவதாக வைத்தால் கிடைப்பது பயனுறு விகிதம். மாம்பலம் சார் சொன்ன 12-க்கும் 12.68-க்கும் இருக்கும் அதே வித்தியாசம்தான் இது. வட்டி சிறியதாக இருக்கும்போது கண்ணில் படாது. பெரிதாகும்போது இப்படிப் பிளந்துகொண்டு நிற்கும். அதனாலேயே தண்டல் கணக்கு பாடம் நடத்த நல்ல கணக்கு என்பேன்.

வங்கியில் இருந்தபோது படித்தவர்களே ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். "12 சதவீதம் ஃப்ளாட்", அதாவது அசல் குறைந்தாலும் முழு அசலுக்கும் வட்டி, என்று சொல்லி 1 லட்சம் தருவார்கள். ஒரு வருடத்துக்கு வட்டி 12,000, மாதத் தவணை 9,333. அசல் குறையக் குறைய வட்டி போடும் முறையில் பார்த்தால் அது 21.5 சதவீதக் கடன். இப்போது 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு சதவீத விகிதத்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. தண்டல்காரர் அப்படி எந்தத் தாளும் தரப்போவதில்லை. நாமேதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

தள்ளுவண்டி மகள்:
எல்லாரும் 77, 117 என்று சொல்கிறீர்கள். எங்கள் அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து வந்து விற்பவர். தண்டல் வாங்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அவர் ஒருநாளும் ஆண்டு வட்டி பார்த்ததில்லை, பார்க்கவும் தேவையில்லை. பணம் இல்லையென்றால் அன்றைக்கு மீன் இல்லை, மீன் இல்லையென்றால் வருமானம் இல்லை. 100 நாளுக்கு 1,000 ரூபாய் கொடுத்து, அந்தப் பணத்தைத் தினமும் சுழற்றி அதைவிடப் பல மடங்கு பார்த்துவிடுவார். 80 சதவீதம் என்று கண்டுபிடித்ததும் "ஐயோ கொள்ளை" என்று உங்கள் மாணவர்கள் நிறுத்திவிட்டால், அது நிதிக் கணக்காக இருக்கலாம், பொருளாதாரம் ஆகாது. வாய்ப்புச் செலவு, அதாவது இதை விட்டால் எது கைநழுவிப் போகும் என்ற கணக்கு, எங்கே சார்?

வியாசர்பாடி மாலைவகுப்பு:
நல்ல கேள்வி அக்கா. கடன் வாங்கலாமா என்று முடிவு செய்ய அந்தப் பணம் என்ன சம்பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. தண்டலை எதோடு ஒப்பிடுகிறோம்? பணமே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் தண்டல் லாபம். அடுத்து கிடைக்கக்கூடிய கடனோடு ஒப்பிட்டால்? தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் பி.எம். ஸ்வநிதி என்ற மத்திய அரசுக் கடன் திட்டம் வந்தபோது முதல் கடன் 10,000 ரூபாய், ஒரு வருடத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். அது கைக்குக் கிடைக்கும் என்றால் தண்டலின் விலை அங்கேயிருந்துதான் அளக்கப்படும்.

தள்ளுவண்டி மகள்:
கிடைக்கும் என்றால்! விண்ணப்பம் போட்டு, வங்கிக்கு அலைகிற நாளில் வியாபாரம் போகிறதே, அந்த ஒருநாள் வருமானத்தையும் செலவில் எழுதச் சொல்லுங்கள். தண்டல்காரர் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து தருகிறார். அதற்கும் ஒரு விலை உண்டு. அதை எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடச் சொல்லுங்கள்.

மாம்பலம் கணக்கர்:
பாருங்கள், இதைத்தான் சொன்னேன். தெருக் கணக்கில் எப்போதும் பத்து விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நெகிழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விலை மாறிய சதவீதத்துக்கு வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறியது என்பதுதான் அது. விலை ஏறினால் அளவு இறங்குவதால் வரும் கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். தக்காளி கிலோ 40-இலிருந்து 60 ஆனது, ஒரு கடையில் விற்பனை 100 கிலோவிலிருந்து 80 ஆனது. பழைய விலையை அடிப்படையாக வைத்தால் நெகிழ்ச்சி 0.4. 60-இலிருந்து 40-க்கு இறங்கியதாகப் போட்டால் 0.75. இரண்டின் சராசரியை அடிப்படையாக வைக்கும் நடுப்புள்ளி முறையில் 0.56. இந்த மூன்றும் ஏன் வேறு வேறு என்று புரிய வைக்கவே ஒரு வகுப்பு போய்விடும். கோயம்பேட்டில் நிஜ விலையை எடுத்து வரச் சொன்னால் அந்த வாரம் ஆவணி முகூர்த்தமாக இருக்கும். விலையும் ஏறும், வாங்குவதும் ஏறும். பையன் நெகிழ்ச்சியைக் கூட்டல் குறியோடு எழுதி வருவான். மற்றவை மாறாதிருக்க என்ற நிபந்தனையைப் புத்தகக் கணக்கில்தான் சுத்தமாகக் காட்ட முடியும்.

வியாசர்பாடி மாலைவகுப்பு:
கூட்டல் குறியோடு எழுதி வரட்டுமே. அன்றைக்குத்தான் எந்த விலையிலும் முன்பைவிட அதிகம் வாங்குகிறார்கள், தேவைக் கோடே நகர்ந்துவிட்டது என்பதைக் கையில் பிடித்துக் காட்ட முடியும். இந்த எண்களை வைத்து நெகிழ்ச்சி கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு பிள்ளை காரணத்தோடு எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் தருவேன்.

மாம்பலம் கணக்கர்:
தேர்வுத் தாளில் அந்த விடைக்குக் கட்டம் இருக்காது சார். நான்கு விடையில் ஒன்றைத்தான் கறுப்பாக்க முடியும். அந்தப் பிள்ளைக்கு ஜனவரியில் தேர்வு. பெயிலானால் அடுத்த முறை கட்டணம் கட்டுவது அவன் அப்பா.

ஓய்வுபெற்ற காசாளர்:
கடிகாரம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசை முக்கியம் மாம்பலம் சார். கணக்கைத் தொடும் முன் விடை எவ்வளவு வரும் என்று தோராயமாக எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். தண்டலுக்கு "80 பக்கத்தில்" என்று எழுதியவன் கால்குலேட்டரில் 7.76 வந்தால் உடனே நிமிர்ந்து பார்ப்பான். சூத்திரம் மட்டும் தெரிந்தவன் 7.76-ஐக் கறுப்பாக்கிவிட்டுப் போய்விடுவான். தோராயம் எழுத பத்து விநாடி போதும், உங்கள் 72-க்குள் அடங்கும்.

மாம்பலம் கணக்கர்:
இது சரி. பத்து விநாடி தருகிறேன். ஆனால் முதல் மாதம் முழுக்கச் சூத்திரம் இல்லாமல் என்பதற்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி மாலைவகுப்பு:
இரண்டு வாரம். சனிக்கிழமைக்கான கணக்கை இப்போதே போடுகிறேன். அதே தண்டல், ஆனால் கையில் கொடுத்தது 8,500. முதலில் தோராயம், அப்புறம் விரிதாள். கூடவே தள்ளுவண்டி அக்கா சொன்னபடி, வங்கிக்கு அலையும் ஒருநாள் வருமானத்தைக் கடன் செலவில் சேர்த்து ஸ்வநிதியோடு ஒப்பிட வேண்டும். அந்த வருமானம் எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை, அவரவர் தெருவில் கேட்டு எழுத வேண்டும்.

தள்ளுவண்டி மகள்:
மழைநாளில் கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்டால் வேறு சொல்வார்கள். எந்தக் கிழமை கேட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.