நம் வீட்டார் குழு: பிரிக்கப்படாத கூலி உறை

நிவேதா: புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908க்குப் பிறகு நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் எடுத்த படங்களில் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். இத்தாலியக் குடும்பம். எல்லோரும் பாருங்கள்.

கமலா அத்தை: சாப்பாட்டு மேசை முழுக்க என்னடி அது? அந்தக் குட்டிப் பெண்ணும் ஏதோ செய்கிறாளே!

நிவேதா: தொப்பியில் செருகும் செயற்கைப் பூக்கள், அத்தை. இதழில் பசை தொட்டுக் கம்பித் தண்டில் ஏற்ற வேண்டும். 144 பூ சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி அந்தக் கணக்கில்தான், அதுவும் சில சென்ட். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் இதழ் பிரித்துக் கொடுத்தார்கள்.

முரளி: சட்டம் கேட்கவில்லையா?

நிவேதா: தொழிற்சாலையில் குழந்தைகளை வைத்தால்தான் கேட்கும். வீட்டு மேசைக்கு வந்த வேலையைக் கேட்பாரில்லை. அதனால்தான் முதலாளிகள் மூட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள்.

சண்முகம் பெரியப்பா: தகப்பனார் எங்கே அம்மா?

நிவேதா: பெரும்பாலும் மண்வேலை, பெரியப்பா. 1904இல் திறந்த சுரங்க ரயில் பாதையைத் தோண்டியவர்களில் இத்தாலியர் ஏராளம். வேலை பிடித்துக் கொடுத்த தரகர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். குளிர்காலத்தில் வேலையே இராது. வாடகையோ நிற்காது.

கமலா அத்தை: அப்படியென்றால் குடும்பத்தைத் தாங்கியவை பெண்களின் கைகள்தான்.

நிவேதா: ஆமாம் அத்தை. வளர்ந்த பெண்கள் தையல் ஆலைக்குப் போனார்கள். கூலி உறையைப் பிரிக்காமல் அப்படியே அம்மாவிடம் கொடுப்பது வழக்கம். அம்மா அதிலிருந்து செலவுக்குக் கொஞ்சம் எடுத்துத் தருவார். 1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலையில் சம்பள நாள். வேலை முடியும் நேரத்தில் எட்டாவது மாடியில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியப் பெண்கள். 14 வயதுப் பிள்ளைகளும் உண்டு.

கமலா அத்தை: ஐயோ! பதினான்கா? அன்று எத்தனை அம்மாக்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சண்முகம் பெரியப்பா: கதவைப் பூட்டியவர்களுக்கு என்ன தண்டனை?

நிவேதா: அதே ஆண்டு டிசம்பரில் முதலாளிகள் இருவரும் விடுதலை. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்கவில்லையாம். 1914இல் வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு ஓர் உயிருக்கு 75 டாலர் கொடுத்து முடித்தார்கள்.

சண்முகம் பெரியப்பா: படிக்கும்போதே வயிறு எரிகிறது. அந்தத் தாய்மார்கள் இந்தத் தீர்ப்பையும் கேட்டுக்கொண்டு மறுநாள் பூ ஒட்ட உட்கார்ந்திருப்பார்கள்.

முரளி: சட்டம் பிறகாவது மாறியதா?

நிவேதா: மாறியது அண்ணா. மாநில விசாரணைக் குழு அமைத்தார்கள். தீப் பயிற்சி, வெளியேறும் வழி, வேலை நேரம் எல்லாவற்றுக்கும் சட்டம் வந்தது. தீயை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933இல் நாட்டின் தொழிலாளர் அமைச்சரானார். இப்போதும் ஆண்டுதோறும் மார்ச் 25 அன்று இறந்தவர்கள் வாழ்ந்த வீடுகளின் முன் நடைபாதையில் பெயரையும் வயதையும் சாக்பீஸால் எழுதுகிறார்கள். அடுத்த முறை நானும் போகிறேன். கார்னெல் பல்கலைக்கழகம் பெயர், வயது, முகவரியோடு பட்டியல் வைத்திருக்கிறது. அனுப்பட்டுமா?

கமலா அத்தை: அனுப்பு. எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பு, எல்லாப் பெயரையும் நான் படிக்க வேண்டும்.