அம்மாவின் இனிப்புநீர், கொதிப்பு மருந்துக்கு மாதம் 230 வெள்ளி: குறைக்க வழி உண்டா?

செம்பனைக்காட்டுப் பொண்ணு:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மாவுக்கு 66 வயது, தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நீல ஐசி, அதாவது குடியுரிமை உள்ளவர். இனிப்புநீர், கொதிப்பு, கொழுப்பு மூன்றும் இருக்கிறது. பல வருஷமாக ஒரு தனியார் கிளினிக்கில்தான் மருந்து வாங்குகிறோம். முன்பு 150 வெள்ளிக்குள் முடியும், இப்போது 230. பில்லில் 'மருந்து' என்று ஒரே வரி, ஒரே தொகை. எது என்ன விலை என்று ஒன்றும் புரியாது.

நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. போன வாரம் அம்மாவின் மருந்துப் பையை எடுத்துப் பார்த்தேன், தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. கேட்டால், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா ரெண்டு மாசம் வருமே" என்கிறார். சிலதைப் பாக்குவெட்டியால் இரண்டாக நறுக்கியும் வைத்திருக்கிறார்!

கவர்மெண்ட் கிளினிக் போகலாம் என்றால், "ஒரு வெள்ளி மருந்து ஒரு வெள்ளிக்குத்தான் வேலை செய்யும்" என்று என் வாயை அடைத்துவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா ஆன்லைனில் மலிவாக வாங்கலாம் என்கிறார். என்ன செய்வது?

ஈப்போ மருந்துக்கடை:

ஆன்லைன் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. நீங்கள் சொல்வதெல்லாம் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்து. இணையத்தில் யாரோ விற்கிறார்கள் என்றால் அதுவே சட்டத்துக்குப் புறம்பு. உள்ளே என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

கிளினிக்கிலேயே தொடரப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக்கடையும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். விலைப் பட்டியலைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்புறம், அங்கேயே மருந்து வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லி வெளியில் வாங்கலாம், அது நோயாளியின் உரிமை. தனியார் மருந்து விலைக்கு நம் நாட்டில் உச்சவரம்பு கிடையாது, அதனால் கடைக்குக் கடை மாறும். மருந்துக்கடையில் ஜெனரிக், அதாவது வேறு கம்பெனி செய்யும் அதே மருந்து, இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பழைய டிரெஸர்:

மா, நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளை மாத்திரை கொடுத்தால் முகம் சுளிப்பார்கள், அதையே சிவப்பில் கொடுத்தால் அன்றைக்கே குணமாகிவிடும். ஊசி போட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் உங்கள் அம்மா பேசுவது எனக்குப் புதிதில்லை.

அந்த ஒரு வெள்ளி என்பது மருந்தின் விலை இல்லை என்று அவருக்குச் சொல்லுங்கள். அது குடிமக்களிடம் வாங்கும் கட்டணம். டாக்டர் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். மீதியை அரசாங்கம் போடுகிறது. தனியாரில் பெட்டியின் மேல் குளுக்கோஃபாஜ், நோர்வாஸ்க், லிபிட்டோர் என்று இருக்கலாம். உள்ளே இருப்பது மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின். அரசாங்கம் கொடுப்பதும் இந்த மருந்துகளைத்தான், கம்பெனி வேறாக இருக்கும். இந்த மாதிரி மாத்திரைகளின் ஜெனரிக், அசல் மருந்து போலவே ரத்தத்தில் சேருகிறது என்று காட்டினால்தான் இங்கே பதிவு கிடைக்கும். பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் தடவை போகும்போதுதான் பாதி நாள் போகும். உடம்பு நிலையாக இருந்தால் டாக்டர் சில மாதத்துக்குச் சேர்த்து எழுதிவிடுவார். அப்புறம் மாதாமாதம் மருந்து கவுண்டரில் வாங்கினால் போதும், அம்மாவுக்குப் பதில் நீங்களே போகலாம். சில இடங்களில் காரில் உட்கார்ந்தபடி வாங்கலாம், தபாலிலும் அனுப்புகிறார்கள். உங்கள் கிளினிக்கில் எது உண்டு என்று கவுண்டரில் விசாரியுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதைப் புது டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இவ்வளவு மாத்திரையிலும் சர்க்கரை இறங்கவில்லையே என்று அவர் அளவைக் கூட்டிவிடுவார். அம்மா அதை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் சர்க்கரையோ பிரஷரோ அளவுக்கு மீறி இறங்கி, தலை சுற்றி விழுவார். எங்கள் தோட்டத்தில் இப்படி விழுந்தவர்களை நான் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

பாக்குவெட்டியையும் பிடுங்கி வையுங்கள். மெட்ஃபார்மினில் 'எக்ஸ்ஆர்' என்று ஒரு வகை உண்டு, மெதுவாகக் கரைவதற்காகச் செய்தது. அதை நறுக்கினால் மொத்தமும் சீக்கிரம் இறங்கிவிடும்.

கோலகங்சார் தம்பி:

எங்கள் மாமா சென்னை போகும்போதெல்லாம் ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கி வருகிறார். அங்கே விலை கொள்ளை மலிவு. எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை கிடைக்கிறவர்களுக்கு மடானி மருத்துவத் திட்டமும் இருக்கிறதே, தனியார் கிளினிக்கில் இலவசம்தானே?

பழைய டிரெஸர்:

தம்பி, சொந்த உபயோகத்துக்கு என்றாலும் கையில் கொண்டு வர ஒரு மாத அளவுக்குத்தான் அனுமதி. ஆறு மாதம் கொண்டு வந்து விமான நிலையத்தில் மாட்டினால் மாமாதான் பதில் சொல்ல வேண்டும். மடானி திட்டம் காய்ச்சல், இருமல் மாதிரி திடீரென்று வருவதற்கு. மாதாமாதம் சாப்பிடும் இனிப்புநீர் மருந்துக்கு அது உதவாது. எஸ்டிஆர் வாங்கும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பெகா பி40 என்ற அரசாங்கத் திட்டம் இருக்கிறது, அதில் உடல் பரிசோதனை இலவசம். உங்கள் வீட்டில் யாரும் செய்யவில்லை என்றால் அதற்குப் போங்கள்.

ஈப்போ மருந்துக்கடை:

தங்கச்சி, நீங்கள் வருமான வரி கட்டுபவரா? பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வருஷம் 8,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

செம்பனைக்காட்டுப் பொண்ணு:

நன்றி அக்கா, நன்றி ஐயா. பெட்டியைப் பார்த்தேன், எக்ஸ்ஆர் என்றுதான் போட்டிருக்கிறது. அம்மாவிடம் காட்டியதும் கொஞ்சம் பயந்துவிட்டார், பாக்குவெட்டி இப்போது வெற்றிலைத் தட்டில். வியாழக்கிழமை எனக்கு ஆஃப், கூட்டிக்கொண்டு போகிறேன். பையில் நரம்புக்கு ஒரு வைட்டமினும், சந்தையில் வாங்கிய மூட்டுவலி ஜாமுவும் (மூலிகை மருந்து) இருக்கிறது. இரண்டையும் நிறுத்திவிடலாமா? மாதம் 60 வெள்ளியாவது மிஞ்சும்.

பழைய டிரெஸர்:

வைட்டமினை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதற்காகக் கொடுத்தாரோ என்னவோ. டாக்டரைக் கேளுங்கள். வலி உடனே பறந்துவிடும் ஜாமுவில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை பிடித்திருக்கிறது. அது சர்க்கரையையும் கொதிப்பையும் ஏற்றும். ஆனால் ரொம்ப நாளாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. போத்தலோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரைகளையும் பிரித்துக் கொட்டாமல் அட்டையோடு எடுத்துப் போங்கள், பெயரும் அளவும் அதில்தான் இருக்கும்.