ஸ்லாக்கிங் பத்தி ஒரு புதுப்பிப்பு: பாதி தப்பு என்மேலதான்

போன வாரம் "போக்கிமான் கேம்ல ஸ்லாக்கிங்கை டீம்ல சேர்க்காதீங்க, வேஸ்ட்"னு எழுதியிருந்தேன். அதோட திறன்களைக் கூட்டினா மொத்த பாயின்ட் 670, பெரிய பலசாலி போக்கிமானான மியூட்டூவை விட 10தான் கம்மி. ஆனா ட்ரூவன்ட்ங்கிற சோம்பேறிக் குணம் இருக்கே, ஒரு டர்ன் அடிச்சா அடுத்த டர்ன் படுத்துக்கும்.

ஞாயித்துக்கிழமை வியாசர்பாடி மொட்டை மாடியில, அத்தோ பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு மாமா பையனுக்கு எதிரா டபுள்ஸ் (ஆளுக்கு ரெண்டு போக்கிமான் ஒண்ணா இறங்குற ஆட்டம்) ஆடினேன். ஸ்லாக்கிங் அவன் பக்கம். அது அடிக்கிற டர்ன்ல ப்ரொடெக்ட் (அடியைத் தடுக்கிற மூவ்) போட்டே டபாய்ச்சிடலாம்னு நெனப்பு. பாவி, முதல் டர்ன்லயே கூட இறக்கின அலகசாமை வெச்சு ஸ்கில் ஸ்வாப் (ரெண்டு போக்கிமானோட குணத்தை மாத்திக்கிற மூவ்) பண்ணிட்டான்! சோம்பேறித்தனம் அலகசாம் தலையில. ஸ்லாக்கிங்கோட 160 அட்டாக் என் தலையில. அத்தோ காசும் நான்தான் குடுத்தேன்.

சிங்கிள்ஸ்ல மட்டும் பழைய கருத்துதான். அடிச்ச கையோட வெளிய இழுத்துடணும். விட்டு வெச்சா, அது படுத்திருக்கிற டர்ன்ல எதிராளி நிம்மதியா ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடி அட்டாக்கை ஏத்திக்குவான்.