வாழும்போதே எழுதும் மரண சாசனம் தேவையா?

மதுரை மாறன்:
மீளவே முடியாத நிலை வந்தால் என்னை வென்டிலேட்டரில் வைத்து இழுக்காதீர்கள் என்று இப்போதே எழுதி வைக்கலாம். 2018 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. ஆனால் எழுதி வைத்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஏன் இந்தத் தயக்கம்?

கரிசல்காட்டான்:
எழுதாததே நல்லது. நான் விருதுநகர்ப் பக்கம். தலைக்கூத்தல் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுக்கையில் விழுந்த பெருசுக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு போய்விடும். அதை யாரும் கொலை என்று சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இந்தக் காகிதத்தை நீட்டினால் கிழவி பேசாமல் கைநாட்டு வைத்துவிடும்.

மதுரை மாறன்:
தலைக்கூத்தலில் கிழவியை யாராவது கேட்டார்களா? இதில் அவரே சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரி முன் கையெழுத்து. 2023இல் உச்ச நீதிமன்றம் விதிகளை எளிதாக்கிய பிறகும் இவ்வளவு இருக்கிறது. அப்புறம் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்டுக் கொல்வது இன்றும் குற்றம்தான்.

செவிலி ரேவதி:
அருணா ஷான்பாக்கை மறந்துவிட்டீர்களே. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ். 1973இல் அங்கேயே தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டது. 2015இல் நிமோனியாவில் இறக்கும்வரை அதே மருத்துவமனையில்தான் கிடந்தார். உணவூட்டுவதை நிறுத்தக் கோரிய பத்திரிகையாளர் பிங்கி விரானியின் மனுவை 2011இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. பராமரித்த நர்சுகளும் அதை எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் அன்புதான். அருணாவின் விருப்பம் மட்டும் யாருக்கும் தெரியாது.

கரிசல்காட்டான்:
அந்த நர்சுகள் என் கட்சி. படுத்தப்படுக்கையாகக் கிடந்தாலும் அது ஓர் ஆள் என்று நினைத்தார்களே! சரி அக்கா, கிழவியை நோட்டரியிடம் கூட்டிப்போவது யார்? அதே மகன்தானே?

மதுரை மாறன்:
சொத்து உயிலுக்கும் அதே மகன்தான் கூட்டிப்போகிறான். அதற்காக உயிலே கூடாது என்கிறோமா?

கரிசல்காட்டான்:
சொத்தில் ஏமாந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். இதில் ஏமாந்தவர் எங்கே போவார் சார்?

செவிலி ரேவதி:
தம்பி, கிழவியை விடுங்கள். தாக்கப்பட்டபோது அருணாவுக்கு 25 வயது. யாருடைய தயவிலும் இல்லாத வயதில் நீங்கள் எழுதலாமே? மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம்.

கரிசல்காட்டான்:
என்னுடையதை வேண்டுமானால் யோசிக்கிறேன். எங்கள் ஆத்தாவிடம் போய் எழுதச் சொல்ல மாட்டேன்.