காய்ச்சிய மல்லிகை எண்ணெயில் மணம் நிற்காதது ஏன்?

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆவணியில் எங்கள் மகளுக்குத் திருமணம். அதற்காகப் பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, வளவு தொடங்கி இரண்டாம் கட்டு வரை கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறோம். சென்ற வாரம் அப்பத்தாவின் பெட்டகத்தைத் திறந்தபோது, கண்டாங்கிச் சேலைகளுக்கு நடுவில் மூடி போட்ட சிறு ஓலைக் கொட்டான் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு மகிழம்பூச் சரம். அப்பத்தா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பூக்கள் பழுப்பேறிக் காய்ந்து, விரல் பட்டால் பொடியாகும் நிலையில் இருந்தன. ஆனாலும் மூடியை எடுத்த அந்த நொடியில், அப்பத்தா அருகில் வந்து உட்கார்ந்தாற்போல் மெல்லிய மணம் ஒன்று எழுந்தது. சிறிது நேரம் என்னால் எதுவும் பேச முடியவில்லை.

அந்த மணம்தான் என்னை இந்த முயற்சியில் இறக்கியது. அப்பத்தா தலைக்குத் தேய்க்கும் மல்லிகை எண்ணெயை வீட்டிலேயே எடுப்பார்கள். அதை மகளின் திருமணத்துக்குச் செய்து வைக்க வேண்டும் என்று விரும்பினேன். முறையைக் கேட்டுக்கொள்ள இப்போது பெரியவர்கள் எவரும் இல்லை. காரைக்குடியில் அரைக்கிலோ மல்லிகை வாங்கி, நல்லெண்ணெயை அடுப்பில் வைத்து, பூவைப் போட்டுச் சிறு தீயில் காய்ச்சினேன். வந்தது வதக்கிய கீரையின் வாடை. அடுத்த முறை தேங்காய் எண்ணெயில் பூவைப் போட்டு மூன்று நாள் வெயிலில் வைத்தேன்; அது புளித்துப்போய்விட்டது. பிறகு ஓர் இணையக் கடையில் ‘தூய மல்லிகைத் தைலம்’ என்று 30 மில்லி 150 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் பூவைப் போல இருந்த மணம், ஒரு மணி நேரத்தில் மலிவான ஊதுபத்தியின் மணமாக மாறித் தலைவலியைத் தந்தது.

எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது, பட்டாலையில் வெள்ளை வேட்டி விரித்து எள்ளும் பூவும் பரப்பியிருந்ததும், தெரியாமல் அதில் கால் வைத்துத் திட்டு வாங்கியதும், விரலிடுக்கில் ஒட்டிய எள்ளைத் தட்டிவிட்டதும் நன்றாக நினைவிருக்கின்றன. அதற்கும் இந்த எண்ணெய்க்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகள் மகிழம்பூவில் தங்கிய மணம், மல்லிகையில் ஒரு நாள்கூட நிற்க மறுப்பது ஏன்? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சத்தியமங்கலத்தான் எழுதியது:

வணக்கம் ஆச்சி. சத்தியமங்கலம் பகுதியில் பூவிலிருந்து வாசனைப் பொருள் எடுக்கும் ஆலைகளில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் தேடும் விடை, நீங்கள் கால் வைத்த அந்த வேட்டியில்தான் இருக்கிறது.

ஏலக்காய், கிராம்பு, வெட்டிவேர் போன்றவற்றில் மணத்தைலம் உள்ளேயே சேர்ந்து கிடக்கிறது. ஆகவே அவற்றை இடிக்கலாம், ஊறவைக்கலாம், நீராவியில் வாலை வடிக்கலாம். மல்லிகை அப்படிப்பட்டதன்று. பறித்த அரும்பு உயிரோடுதான் இருக்கிறது. மாலையில் அது இதழ் விரிக்கும் வேளையில்தான் மணம் உண்டாகத் தொடங்கி, உண்டாக உண்டாகக் காற்றில் கலந்துவிடுகிறது. சூடான எண்ணெயில் போட்டவுடன் அரும்பு வெந்துவிடுகிறது, அதோடு மணம் உண்டாவதும் நின்றுவிடுகிறது. பூவில் அதுவரை இருந்த சிறிதளவு மணமும் ஆவியாகிவிட, இலை வெந்த வாடை மட்டுமே எஞ்சுகிறது. உங்களிடம் கைத்தவறு எதுவும் இல்லை. மல்லிகையை மல்லிகையாக நடத்தாத முறைதான் தவறு.

எனவே மல்லிகையைப் பொறுத்தவரை, அது விடும் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளை இரவு முழுவதும் அதன் அருகில் வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கொழுப்பு. பிரான்சு நாட்டின் கிராஸ் நகரத்தில் கண்ணாடித் தட்டுகளில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையையும் சம்பங்கியையும் அடுக்கி, நாள்தோறும் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்து, பல வாரங்கள் கழித்து அந்தக் கொழுப்பிலிருந்து மணத்தைப் பிரித்தெடுத்தார்கள். நம் நாட்டில் கொழுப்பின் இடத்தில் எள் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ், ஜான்பூர், காசிப்பூர் ஆகிய ஊர்களில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மணமேறிய எள்ளை ஆட்டித் தலை எண்ணெய் எடுப்பது நெடுங்கால வழக்கம். உங்கள் அப்பத்தா செய்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முறை இதுதான். எள்ளைக் கழுவி, தோல் நீக்கி, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். மாலையில் வேட்டி விரித்து ஒரு வரிசை எள், அதன்மேல் ஒரு வரிசை அரும்பு என்று மாற்றி மாற்றிப் பரப்பி, மேலே இன்னொரு வேட்டியால் மூடிவிடுங்கள். விடிந்ததும் முறத்தில் புடைத்துப் பூவை முழுவதும் நீக்கிவிட வேண்டும். வாடிய இதழ் கிடந்தால் எள்ளில் ஈரம் ஏறிச் சிக்கு வாடை வந்துவிடும். பகலில் எள்ளை நிழலில் ஆற விடுங்கள். இப்படிக் குறைந்தது ஐந்தாறு இரவுகள் புதுப்பூ மாற்றிய பிறகு, மரச்செக்கில் ஆட்டுங்கள்.

அந்த 150 ரூபாய்த் தைலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது ஆலைகளில் பூவை ஹெக்சேன் என்னும் கரைப்பானில் கழுவி, மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எடுக்கிறார்கள். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டினால் ‘அப்சொல்யூட்’ கிடைக்கிறது. ஒரு டன் ஜாதிமல்லியில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ கான்கிரீட்டும், அதில் பாதியளவு அப்சொல்யூட்டும் தேறும். குண்டுமல்லியில் இதைவிடக் குறைவு. பூ கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு டன் பூவுக்கு இரண்டு லட்சம் ரூபாய். ஒரு கிராம் அப்சொல்யூட்டுக்குப் பூவின் விலை மட்டுமே ஏறக்குறைய 150 ரூபாய் ஆகிறது. உங்களுக்கு 30 மில்லியை அந்த விலைக்குத் தந்தவர்கள் பூவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது பெரும்பாலும் பென்சைல் அசிட்டேட் என்னும் செயற்கைப் பொருளாக இருக்கும். அந்தப் பொருள் உண்மையான மல்லிகையிலும் இருக்கிறது. ஆனால் பூவில் அதனோடு லினலூல், இண்டோல் போன்ற பல மணப்பொருள்களும் சேர்ந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தனியாக நின்றால் அது விரைவில் பறந்துவிடும். இதைத் ‘தூய மல்லிகை’ என்று எழுதி விற்பது, இருட்டில் எழுந்து பூப்பறிப்பவர்களின் உழைப்பை அவமதிப்பதாகும் என்றே நான் கருதுகிறேன்.

நிலக்கோட்டை விவசாயி எழுதியது:

மேலே அண்ணன் சொன்ன முறை சரியானது. பூ வாங்குவதைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். கடையில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் பூவும், ஐஸ் பெட்டியில் வந்த பூவும் இதற்கு ஆகாது; அந்த ஈரம் அப்படியே எள்ளில் இறங்கும். கட்டிய சரமும் வேண்டாம், உதிரிப்பூவாக வாங்குங்கள். விடியற்காலையில் பறித்த, முழுதும் பருத்து வெளுத்த, இன்னும் வாய் திறக்காத அரும்பாக இருக்க வேண்டும். பச்சை ஓடிய இளம் அரும்பு விரியாமலேயே வாடிவிடும்.

இது வைகாசி என்பதால் நல்ல நேரம். பங்குனி முதல் ஆடி வரை பூ வரத்து மிகுதி. முகூர்த்த நாளைத் தவிர்த்தால் விலையும் தணிந்திருக்கும். விலை விழும் நாட்களில் எங்கள் பூவைத் தாங்கிப் பிடிப்பவை வாசனை ஆலைகள்தாம். மார்கழிப் பனியில் செடி அரும்பு கட்டாது, அப்போது கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: மொட்டுப்புழுவுக்காக மருந்து அடிப்பது எங்கள் பக்கம் வழக்கம். ஆகவே பறிப்பதற்கு முந்தைய நாட்களில் மருந்து படாத தோட்டமாகக் கேட்டறிந்து வாங்குங்கள். தலையில் தேய்ப்பதற்கான எண்ணெய் அல்லவா.

தேவகோட்டை ஐயா எழுதியது:

ஆத்தா, உன் கடிதத்தைப் படித்தேன். மகிழம்பூவைப் பற்றி எவரும் சொல்லவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

மகிழம்பூவை மரத்தில் ஏறி யாரும் பறிப்பதில்லை. அது விடியலில் தானாகவே உதிர்கிறது; நடுவில் இயல்பாகவே துளை இருப்பதால் ஈர்க்கிலோ நூலோ கொண்டு அப்படியே கோத்துவிடலாம். இதழ்கள் மெல்லியவை, நீர்ச்சத்து குறைந்தவை. மல்லிகையைப் போல் அழுகாமல் காற்றிலேயே உலர்ந்துவிடும், உலர்ந்த பின்பும் மணம் விடாது. நம் பெண்கள் மல்லிகையை அன்றன்று கூந்தலுக்கும், மகிழம்பூவைப் பெட்டகத்துக்கும் என்று பிரித்து வைத்திருந்தது இந்த வேறுபாட்டை அறிந்துதான். திருவண்ணாமலையிலும் திருவொற்றியூரிலும் தலமரமாக நிற்பது மகிழம். நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயரும் இந்தப் பூமாலையால் வந்தது. வகுளம் என்பது மகிழம். தாழம்பூ மடலையும் சேலைகளுக்கிடையே வைப்பார்கள். சிவபூசையில் விலக்கப்பட்டது என்று பல ஊர்களில் ஒதுக்கும் அந்தப் பூவை, நமக்கு அருகில் உள்ள உத்தரகோசமங்கையில் ஈசனுக்குச் சாத்துகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்.

எண்ணெயோடு உன் வேலை முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். என் ஆயா வீட்டில் வெள்ளிக்கிழமை முழுக்குக்குப் பிறகு, பெண்கள் கூந்தலை ஒரு மூங்கில் கூடையின் மேல் பரப்பிப் படுத்திருக்க, கூடைக்கு அடியில் தணலிட்ட தூபக்கால் இருக்கும். அதில் சாம்பிராணியை ஒரு சிட்டிகை, சிறிது நேரம் விட்டு இன்னொரு சிட்டிகை என்று போடுவார்கள். புகை அடர்ந்து கருகிவிடக் கூடாது. நீல இழையாக எழ வேண்டும். கூந்தல் உலர்வதற்காக மட்டும் செய்ததன்று அது. சாம்பிராணியின் கனத்த மணம் அடியில் நின்று, மேலே சூடும் பூவின் மணத்தை விரைவில் போகவிடாமல் பிடித்து வைக்கும். மேல்நாட்டு வாசனைத் தொழிலிலும் இன்றுவரை அதற்கு இதே வேலைதான். சிலப்பதிகாரத்தில் மாதவி பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் என்று மூலிகைகளும் மணப்பொருள்களும் ஊறிய நீரில் கூந்தல் ஆடிய பின், புகையில்தான் உலர்த்துகிறாள். கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகிய ஐந்து மணப்பொருள்களே விரை.

இந்தச் சாம்பிராணி நம் மண்ணின் பொருளன்று. சுமத்திராக் காடுகளில் மரப்பட்டையைக் கீறி வடிக்கும் பிசின். அரேபியர் இதை ‘லுபான் ஜாவி’ என்று அழைத்தார்கள், அதுவே ஐரோப்பியர் வாயில் பென்சாயின் ஆயிற்று. நகரத்தார் மேடானுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 1088-ஆம் ஆண்டில், அந்தத் தீவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகே ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. அதில் கஸ்தூரி பேசப்படுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். கடைகளில் இப்போது விற்கும் கரித்தூள் வில்லையை மட்டும் வாங்காதே. கட்டிச் சாம்பிராணியாகக் கேட்டு வாங்கு.

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். பங்காளி வீடுகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டு எட்டுக் கிலோ எள் எடுத்தோம். பூவை உதிரியாக, நீர் தெளிக்காத அரும்பாகக் கேட்டு வாங்கினோம். அதே பட்டாலையில், அப்பத்தா விரித்த இடத்திலேயே விரித்தேன். இரவு எட்டு மணியளவில் மூடியிருந்த வேட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்தபோது, எள்ளின் மேல் அரும்புகள் ஒவ்வொன்றாக வாய் திறந்துகொண்டிருந்தன. சத்தியமங்கலத்து அண்ணன் சொன்ன ‘உயிரோடு இருக்கிறது’ என்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றாம் நாள் மழைச் சாரல் அடித்து எள் சற்றே நமத்துவிட்டது. அன்று பூ வைக்காமல் மின்விசிறியின் கீழ் உலர்த்தினேன். மொத்தம் ஆறு இரவுகள் பூ மாற்றினோம்.

செக்குக்காரர் முதலில் தயங்கினார். முன்பு ஆட்டிய கடலையின் வாடை ஏறிவிடும் என்று அவரே சொல்லி, உரலைத் துடைத்து, சிறிது வெறும் எள்ளை ஆட்டித் தள்ளிய பிறகே எங்கள் எள்ளைப் போட்டார். எண்ணெய் பிரிவதற்கு வழக்கமாகச் சேர்க்கும் கருப்பட்டியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். மூன்று லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. பாட்டிலைத் திறந்தால் எள்ளின் மணம்தான் முந்துகிறது. உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தால், சூடு ஏற ஏற அதன் அடியிலிருந்து மல்லிகை வருகிறது. கடைப் பாட்டிலைப் போல் மூக்கில் அறையவில்லை, ஆனால் மறுநாள் காலையிலும் தலையணையில் இருந்தது. பிண்ணாக்கை ஊறவைத்த தொட்டியிலும்கூட மணக்கிறது என்று பக்கத்து வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் சொன்னார்கள்.

தேவகோட்டை ஐயாவுக்கு என் வணக்கம். கட்டிச் சாம்பிராணி வாங்கிவிட்டேன். மூங்கில் கூடை முடையக் கொடுத்திருக்கிறேன். அப்பத்தாவின் சரத்தை அதே கொட்டானில் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இனி ஒன்று மட்டும் வேண்டும்: ஆவணியில் தாழம்பூ மடல் கிடைக்கும் இடம் உத்தரகோசமங்கைப் பக்கத்திலோ வேறு எங்கேயோ எவருக்கேனும் தெரிந்தால் தெரிவியுங்கள். திருமணத்துக்கு முதல் நாள் மகளுக்குத் தாழம்பூ வைத்துப் பின்னிவிட வேண்டும்.