நடந்து எரிச்ச கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

பாளை நடையன்:
காலையில வ.உ.சி. மைதானத்துல ஒரு மணி நேரம் நடக்கேன். எடை 84 கிலோ, உயரம் 172 செ.மீ., வயசு 40, நாற்காலி வேலை. எடை குறைக்க ஒரு ஆப் போட்டு, அதுல உழைப்பு 'நடுத்தரம்'னு குடுத்திருக்கேன். நடை முடிஞ்சதும் வாட்ச் 430 கலோரிங்குது. ஆப் உடனே அதை அன்னைக்குச் சாப்பாட்டுக் கணக்குல கூட்டிருது. அந்த 430-ஐயும் சாப்பிடலாமா?

குறுக்குத்துறையான்:
ஒரு பருக்கை கூடாது தம்பி. வேகமில்லாத நடைக்கு, சும்மா உக்காந்திருக்கதைவிட மூணரை மடங்குதான் செலவு. 84 கிலோவுக்கு மணிக்கு 294 கலோரி. அதுலயும் 84 நீ வீட்டுல உக்காந்திருந்தாலே எரிஞ்சிருக்கும். ஆக, நடந்ததுக்குக் கூலி 210 தான். மைதானத்துக்கு வெளிய ரெண்டு உளுந்தவடை, ஒரு சீனி டீ போட்டா தீந்துது கதை. 2017-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க ஏழு வாட்ச்சைச் சோதிச்சாங்க. இதயத்துடிப்பு பரவால்ல, கலோரியில, இருக்கதுலயே நல்ல வாட்ச்சுக்கே சராசரி 27 சதவீதம் பிழை. மோசமானதுக்கு 93.

ஓட்டக்காரி:
அண்ணாச்சி, "ஒரு பருக்கை கூடாது"ன்னு பொதுவாச் சொன்னா ஒத்துக்க மாட்டேன். ஓட்டத்துல கிலோமீட்டருக்கு, உடம்புல உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி. 60 கிலோ பொம்பளை 18 கிலோமீட்டர் ஓடினா ஆயிரத்துக்கு மேல. அதைத் திரும்பச் சாப்பிடாம விட்டுட்டு, குறைச்சும் சாப்பிட்டா மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்புல கீறல் விழும். 2014-ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதைப் பத்தி எச்சரிச்சு அறிக்கை விட்டுச்சு. பட்டினி கிடந்து ஓடுத பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். ராத்திரி அல்வாப் பொட்டலம் பிரிச்சா மிச்சம் இருக்காது.

குறுக்குத்துறையான்:
தங்கச்சி, அவன் கேட்டது மைதானத்துல நடக்கதுக்கு. 18 கிலோமீட்டரை ஏன் இங்க கொண்டாந்து போடுத? சரி, ஆராய்ச்சின்னே வா. 2012-ல பான்ட்சர்ங்க ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் தான்சானியாவுல ஹட்சா வேட்டைக்காரங்களை அளந்தாங்க. நாளெல்லாம் அலையுத சனம். உடம்பு அளவு வித்தியாசத்தைக் கழிச்சுப் பாத்தா மொத்தக் கலோரிச் செலவு மேல்நாட்டுக்காரங்க அளவுதான். நடக்கதை ஈடுகட்ட உடம்பு வேற செலவைச் சுருக்கிருதுன்னுதான் அவங்க யோசனை.

ஓட்டக்காரி:
அது ஆயுசு முழுக்க அப்படி வாழுத ஒரு சனத்தோட சராசரி. நேத்து நடக்க ஆரம்பிச்ச ஆளுக்கு அப்படியே பொருத்த முடியாது. முழுசா எரிஞ்சதுன்னு வாட்ச்சை நம்புததும் தப்பு, ஒண்ணுமே எரியலன்னு இருக்கதும் தப்பு. பாதியை எடுத்துக்கிடலாம்ங்கேன்.

கணக்குப்புலி:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. அவரு 'நடுத்தரம்'னு குடுத்திருக்காருல்லா? இந்த வயசு, உயரம், எடைக்குப் படுத்தே கிடந்தாலும் நாளைக்கு ஏறக்குறைய 1,700 கலோரி. நாற்காலி வேலைன்னா, அதாவது 'குறைந்த உழைப்பு'ன்னா, ஆப் அதை 1.2-ஆல பெருக்கும், நடுத்தரம்னா 1.55-ஆல. வித்தியாசம் 595. நடைக்குன்னு ஏற்கெனவே குடுத்தாச்சு! அதுக்கு மேல வாட்ச் குடுக்க 430-ஐயும் கூட்டினா ஒரே நடைக்கு ரெண்டு சம்பளம். எடை எப்படி இறங்கும்? 'குறைந்த உழைப்பு'ன்னு மாத்துங்க, பெறவு நடையைத் தனியாக் கூட்டுங்க. இல்ல, நடுத்தரமாவே விட்டுட்டு வாட்ச் இணைப்பை அணைச்சிருங்க. ரெண்டுல ஒண்ணு.

மருந்துக்கடை அக்கா:
இடையில ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கவங்க இந்தச் சண்டையைப் பாத்துட்டு வெறும் வயித்துல நடக்கப் போயிராதீங்க. சர்க்கரை சட்டுன்னு இறங்கும். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டினா 15 கிராம் சீனி கரைச்சுக் குடிக்கணும், கலோரிக் கணக்கு அப்புறம். சாப்பாட்டைக் குறைக்கதுக்கு முன்னாலேயே மாத்திரை அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கிடணும்.

பாளை நடையன்:
சர்க்கரை இல்லக்கா. 'குறைந்த உழைப்பு'ன்னு மாத்திட்டேன். நடைக்கு நூறு மட்டும் கூட்டிக்கிடுதேன், கொஞ்சம் சுண்டல். எது சரின்னு எப்படித் தெரியும்?

ஓட்டக்காரி:
தராசு சொல்லும். ஆனா தினம் ஏறி இறங்குததைப் பாக்காதீங்க, அது உப்பும் தண்ணியும். ஏழு நாள் சராசரி எடுத்து, மூணு நாலு வாரம் பாருங்க. வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சா தொடாதீங்க. அதைவிட வேகமா இறங்கி, சோர்வாவும் இருந்தா கூட்டுங்க.

குறுக்குத்துறையான்:
இறங்கவே இல்லைன்னா அந்த நூறைத்தான் முதல்ல வெட்டணும்.

பாளை நடையன்:
ஞாயித்துக்கிழமை தங்கச்சி மறுவீடு, சொதிச் சாப்பாடு. அதை எதுல சேக்க?

ஓட்டக்காரி:
வாரக் கணக்குல. முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு நாள் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா சரியாப்போகும்.

குறுக்குத்துறையான்:
மறுவீட்டுச் சொதிக்கு நானும் ஒண்ணும் சொல்லல. முதல் தேங்காப்பால் ஊத்தி இறக்கினதாக்கும். ரெண்டாந்தரம் வாளி வரும்போது மட்டும் இலையைக் கைவச்சு மறிச்சுக்கோ.