கனடா குடியுரிமை விண்ணப்பம்: பயண மாதங்களுக்கு என்ன முகவரி?

கேள்வி: 2023இல் ஸ்காபரோவில் இருந்த பேஸ்மென்ட் அறையைக் காலி செய்துவிட்டு, அம்மாவைப் பார்க்க மூன்று மாதம் யாழ்ப்பாணம் போய்விட்டேன், வழியில் சென்னையில் பத்து நாள் ஹோட்டல். ஐந்து வருட முகவரிப் பட்டியலில் அந்த மாதங்களை வெறுமையாக விடலாமா?

பதில் 1: விடாதீங்க. இடைவெளி இருந்தால் முழு விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாழ்ப்பாண வீடு, சென்னை ஹோட்டல் இரண்டையும் தேதியோடு போடுங்கள். அறையை வைத்துக்கொண்டே போயிருந்தால் பழைய முகவரியே தொடரும்.

பதில் 2: பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துத் தேதி போடுங்க அண்ணா, நினைவை நம்பி நான் பட்டது போதும். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் கனடாவில் இருந்திருக்க வேண்டிய 1,095 நாள் கணக்கில் புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடா நாட்கள்தான்.

கேட்டவர்: ஹோட்டல் ரசீது மின்னஞ்சலில் கிடக்கிறது, தேடி எடுக்கிறேன். நன்றி.